தண்ணீருக்குள் எலக்ட்ரான் நீந்துவதில்லை

அக்கா வீட்டுக்கு வாட்டர் பியூரிஃபையர் விற்க ஒருவர் வந்திருந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதன் அடியில் நான்கு உலோகக் குச்சிகள். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவரே பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். பெட்டியை இரண்டு டம்ளருக்கும் மேலாகப் பொருத்திவிட்டு சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குழாய்த் தண்ணீர் முதலில் பச்சையாகக் கலங்கியது, அப்புறம் செம்பழுப்பானது, மேலே அழுக்கு நுரை திரண்டது. ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் தெளிவாக அப்படியே இருந்தது.

"பாத்தீங்களாம்மா, இதைத்தான் இத்தனை நாளா பிள்ளைங்களுக்குக் குடுத்திட்டிருக்கீங்க" என்றார். அக்கா முகம் சுண்டிப்போனது.

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மின்வேதியியல் பாடம் அப்போதுதான் முடித்திருந்தாள். "மாமா, அந்த டம்ளர்ல கொஞ்சம் உப்பு போட்டா என்ன ஆகும்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துவந்து ஆர்.ஓ. தண்ணீரில் போட்டாள். மறுபடி சுவிட்ச். இந்தத் தடவை ஆர்.ஓ. தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிட மோசமாகப் பழுப்பேறியது. வந்தவர் கோபப்படவில்லை, மறுத்தும் பேசவில்லை. "கம்பெனியில சொல்லிக் குடுத்ததைச் செய்றேன் சார்" என்று சொல்லிக் குச்சிகளைத் துடைத்து எடுத்துவைத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நிறம் தண்ணீரிலிருந்து வந்ததல்ல, குச்சியிலிருந்து வந்தது. ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு இரும்புக் குச்சி, ஒரு அலுமினியக் குச்சி. பெட்டிக்குள் வீட்டு ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் டயோடு. இரும்பு நேர்மின்முனையாக இருப்பதால், மின்சாரம் ஓடும் வரை அது கரைந்துகொண்டே இருக்கும். கரைந்த இரும்பு தண்ணீரில் ஹைட்ராக்சைடாக மாறும்போது பச்சை, ஆக்சிஜன் சேர்ந்ததும் துருவின் நிறம். வேடிக்கை என்னவென்றால், இரும்பு அல்லது அலுமினியத் தகடுகளை இப்படிக் கரையவிட்டு, உருவாகும் கொழகொழப்பான ஹைட்ராக்சைடில் அழுக்கை ஒட்டவைத்துப் படியவைப்பது கழிவுநீரைச் சுத்தம் செய்ய உண்மையிலேயே பயன்படும் ஒரு முறை. சுத்தம் செய்யும் வேதியியலைக் காட்டியே தண்ணீர் அசுத்தம் என்று நம்பவைக்கிறார்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் ஏன் தப்பித்தது, உப்பு போட்டதும் ஏன் மாட்டிக்கொண்டது? மின்சாரம் பாய்ச்சிப் பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் பாதிப் பாடம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பள்ளியில் இந்தப் பாடத்தை நாம் பட்டியலாகத்தான் மனப்பாடம் செய்தோம். உருகிய சோடியம் குளோரைடில் இது வரும், கரைசலில் அது வரும், காப்பர் சல்பேட்டில் கார்பன் முனை என்றால் இது, தாமிர முனை என்றால் அது. பரீட்சை முடிந்த மறுநாள் பட்டியல் மறந்துவிடும். என்னைக் கேட்டால் பட்டியலே வேண்டாம். திரவத்துக்குள் மின்னூட்டத்தைச் சுமப்பது யார், மின்முனையில் எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ முந்திக்கொள்வது யார் என்று இரண்டே கேள்விகள் போதும்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் சொல்லும் பதில், "எலக்ட்ரான் ஒரு முனையிலிருந்து தண்ணீர் வழியாக மறு முனைக்குப் போகிறது" என்பது. போவதில்லை. கம்பிக்குள் ஓடுவது எலக்ட்ரான். தண்ணீருக்குள் நகர்வது அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள். நேர்மின்னூட்டம் கொண்டவை எதிர்மின்முனையை நோக்கியும், எதிர்மின்னூட்டம் கொண்டவை நேர்மின்முனையை நோக்கியும் நகரும். இந்த இரண்டு உலகமும் சந்திக்கும் எல்லை மின்முனையின் மேற்பரப்பு. மின்சாரம் நடத்தும் வேதிவினை நடப்பது அந்த எல்லையில் மட்டும்தான், நடுத்தண்ணீரில் அல்ல.

சுத்தமான தண்ணீரில் சுமப்பதற்கு ஆளே இல்லை. 25 டிகிரி செல்சியசில் ஒரு கோடி லிட்டர் தூய நீரை எடுத்தால்தான் அதில் ஒரு மோல் (அணு, அயனிகளை எண்ணும் வேதியியல் அலகு) ஹைட்ரஜன் அயனி தேறும். ஆர்.ஓ. தண்ணீர் அவ்வளவு தூய்மை இல்லைதான், ஆனாலும் உப்புகளில் பெரும்பகுதியை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். மின்சாரம் ஓட வழி குறைவு, அதனால் இரும்பு கரையவும் வழி குறைவு. உப்பு போட்டதும் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் சுமக்கத் தயாராக வந்துவிட்டன.

இந்த அயனிகளை மின்சாரம் உண்டாக்கவில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மின்சாரம்தான் உப்பைப் பிளந்து அயனிகளாக்குகிறது என்றுதான் வெகு காலம் நினைத்தார்கள். 1884-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே அர்ரீனியஸ் என்ற இளைஞர் தன் முனைவர் பட்ட ஆய்வில் மின்பகுளிக் கரைசல்களின், அதாவது உப்பு போன்றவை கரைந்து மின்சாரத்தைக் கடத்தும் கரைசல்களின், மின்கடத்தலை ஆராய்ந்தார். அதிலிருந்து அடுத்த சில ஆண்டுகளில் அவர் வளர்த்தெடுத்த கருத்து, உப்பு கரையும்போதே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது, பேட்டரியை இணைப்பதற்கு முன்பே அவை அங்கே இருக்கின்றன என்பது. ஆய்வைத் திருத்தியவர்கள் பட்டம் மட்டும் போனால் போகிறதென்று கொடுத்து, மதிப்பெண்ணில் கையை இறுக்கிவிட்டார்கள். 1903-இல் இதே கருத்துக்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா, முதல் பேட்டரியான தன் மின்கல அடுக்கைப் பற்றி லண்டனுக்குக் கடிதம் எழுதியது 1800 மார்ச்சில். இரண்டே மாதத்துக்குள் அங்கே வில்லியம் நிக்கல்சனும் ஆன்டனி கார்லைலும் தாங்களே ஓர் அடுக்கைக் கட்டி, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டார்கள். தேடிப்போய்ச் செய்ததல்ல. கம்பிக்கும் தகட்டுக்கும் இணைப்பு சரியாக இருக்கட்டும் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள், அதில் குமிழி கிளம்பியது, பிறகு கம்பிகளைத் தண்ணீர்க் குழாய்க்குள்ளேயே விட்டுப் பார்த்தார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன். மறு கம்பியில் ஆக்சிஜன். நடுவில் ஒன்றுமே நடப்பதாகத் தெரியவில்லை. ஒரே நீர் மூலக்கூறு உடைந்தால் அதன் ஒரு பாதி இங்கேயும் மறு பாதி அவ்வளவு தள்ளி அங்கேயும் எப்படி வரும்? அந்தக் காலத்து விஞ்ஞானிகள் இதற்கு மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். எல்லையில் மட்டும்தான் வினை என்று எடுத்துக்கொண்டால் புதிர் அவிழ்கிறது. எதிர்மின்முனையில் ஒரு நீர் மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜனை விடுகிறது. அதே நேரம் நேர்மின்முனையில் வேறொரு நீர் மூலக்கூறு எலக்ட்ரானைக் கொடுத்து ஆக்சிஜனை விடுகிறது. இரண்டும் வேறு வேறு மூலக்கூறுகள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மின்முனையில் நடப்பதை ஒரு டெண்டர் என்று வைத்துக்கொள்ளலாம். யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கு வேலை. விலை என்பது வோல்ட். உப்புக் கரைசலில் எதிர்மின்முனைக்குப் பக்கத்தில் சோடியம் அயனியும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. சோடியம் உலோகமாக மாற, ஹைட்ரஜன் அளவுகோலில், 2.71 வோல்ட் கேட்கும். நடுநிலையான தண்ணீர் சுமார் 0.41 தான் கேட்கும். போட்டியே இல்லை. ஹைட்ரஜன்தான் வரும். சோடியம் அயனி சும்மா நின்று, அங்கே உருவாகும் ஹைட்ராக்சைடு அயனிக்குத் துணையாக இருந்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தரும். காப்பர் சல்பேட் கரைசலில் கதை வேறு. தாமிரம் ஹைட்ரஜனைவிட எளிதாக எலக்ட்ரானை வாங்கும், ஆகவே செம்பு படியும்.

மாணவர்கள் மறந்துவிடுவது தண்ணீரைத்தான். கரைசல் என்று கேள்வித்தாளில் ஒரு சொல் இருந்தால் இரண்டு முனையிலும் தண்ணீரும் டெண்டர் போட்டிருக்கிறது என்று பொருள். உருகிய என்று இருந்தால் அது களத்திலேயே இல்லை.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர் ஹம்ப்ரி டேவி. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், பொட்டாஷ் என்ற காரப் பொருளுக்குள் இன்னும் யாரும் பார்க்காத ஓர் உலோகம் இருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டுப் பெரிய மின்கல அடுக்குகளோடு இறங்கினார். முதலில் பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினார். கிடைத்தது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டும். எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் தண்ணீரே முந்திக்கொண்டது. முழுக்கக் காய்ந்த பொட்டாஷோ மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. கடைசியில் 1807 அக்டோபரில், திடப் பொட்டாஷைக் காற்றில் சிறிது நேரம் வைத்து மேற்பரப்பு மட்டும் ஈரமாகும்படி செய்தார். கடத்துவதற்கு அந்த ஈரம் போதும், போட்டியைக் கெடுக்கும் அளவுக்கு அது தண்ணீர் அல்ல. மின்சாரம் பாய்ந்ததும் பொட்டாஷ் உருகத் தொடங்கி, எதிர்மின்முனைப் பக்கம் பாதரசம் போலப் பளபளக்கும் சிறு உருண்டைகள் தோன்றின. சில அங்கேயே வெடித்து எரிந்தன. பொட்டாசியம்! டேவி அறைக்குள் துள்ளிக் குதித்தார் என்று உதவியாளராக இருந்த அவருடைய உறவினர் எட்மண்ட் டேவி சொல்லியிருக்கிறார். சில நாட்களில் சோடியம், அடுத்த ஆண்டு கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், மக்னீசியம் என்று வரிசையாக வந்தன.

வீட்டில் செய்து பார்க்க, பள்ளி ஆய்வகத்தில் தண்ணீரைப் பிரித்துக் காட்டும் ஹாஃப்மன் கருவியெல்லாம் வேண்டாம். 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று, இரு பக்கமும் சீவிய இரண்டு பென்சில், கிளிப் வைத்த இரண்டு ஒயர், ஒரு டம்ளர். அட்டையில் இரண்டு ஓட்டை போட்டுப் பென்சில்களைச் செருகி டம்ளர் மேல் வைத்தால் முடிந்தது. பென்சில் நடுவில் இருப்பது கார்பனின் ஒரு வடிவமான கிராஃபைட், அதனால் இரும்பு போல் கரையாது. டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஆப்ப சோடா கொஞ்சம் கரைத்தால் இரண்டு முனையிலும் குமிழி கிளம்பும். பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த பென்சிலில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அதிகம். அது ஹைட்ரஜன். புத்தகம் சொல்லும் 2:1 விகிதம் வீட்டில் சரியாக வராது. ஆக்சிஜன் கொஞ்சம் தண்ணீரில் கரையும், கொஞ்சம் கார்பனை அரிக்கும். போதாக்குறைக்கு ஆப்ப சோடாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடும் அந்தப் பக்கம் கலக்கலாம்.

ஆப்ப சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைக் கெட்டியாகக் கரைத்துவிட்டு மஞ்சள்பொடி தடவிக் காயவைத்த தாளைத் துண்டு துண்டாக விடுங்கள். எதிர்மின்முனைக்குப் பக்கத்தில் போன துண்டு சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் அதே சிவப்பு, அதே காரணம். அங்கே காரம் உருவாகிறது. நேர்மின்முனைப் பக்கம் போன துண்டு சிவக்காது, மெல்ல வெளுக்கத் தொடங்கும். கூடவே பிளீச்சிங் பவுடர் வாடை வரும். அது குளோரின். வாடை தெரிந்ததும் ஒயரைக் கழற்றிவிடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இந்த இடத்தில் அக்கா மகள் என்னை மடக்கினாள். "மாமா, அட்டவணைப்படி பாத்தா ஆக்சிஜனுக்கு 1.23 வோல்ட், குளோரினுக்கு 1.36. அப்ப தண்ணிதானே ஜெயிக்கணும்?" சரியான கேள்வி. அட்டவணையில் உள்ளது எழுதிக் கொடுத்த விலை. வேலையை முடிக்கும்போது மேல்செலவு சேரும். ஆக்சிஜன் உருவாக நான்கு எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் மின்முனையின் மேற்பரப்பில் ஒன்றுசேர வேண்டும். அது மெதுவான வேலை, அதை வேகப்படுத்தக் கூடுதலாக வோல்ட் தேவை. இதைத்தான் மிகை மின்னழுத்தம் என்பார்கள். குளோரினுக்கு அந்த மேல்செலவு மிகக் குறைவு. உப்பு அடர்த்தியாக இருந்தால் மொத்தக் கணக்கில் குளோரின் ஜெயிக்கும். உப்பு மிகவும் நீர்த்துப்போனால் ஆக்சிஜன் வரத் தொடங்கும். அடர் கரைசல், நீர்த்த கரைசல் என்று புத்தகம் பிரித்துச் சொல்வதன் காரணம் இது. பத்தாம் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தம்தான் காப்பர் சல்பேட். அந்த நீலக் கரைசலில் பென்சில் முனைகளை வைத்தால், பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த பென்சில் நுனியில் செம்பு நிறம் ஏறும், மறு முனையில் ஆக்சிஜன், நேரம் போகப் போக நீலம் வெளிறும். நேர்முனையில் பென்சிலுக்குப் பதில் செம்புக் கம்பி வைத்தால் நீலம் குறையாது. அங்கே தண்ணீரைவிட மலிவாக வேலை செய்ய செம்பே தயாராக இருக்கிறது, அது கரைந்து, படிந்த செம்பை ஈடுகட்டிவிடுகிறது. செம்பைச் சுத்திகரிப்பது இப்படித்தான். அழுக்குச் செம்பு நேர்மின்முனை, மெல்லிய தகடு எதிர்மின்முனை, கிடைப்பது 99.99 சதவீதத் தூய்மை. நேர்மின்முனைக்கு அடியில் கரையாமல் விழும் சேற்றில் வெள்ளியும் தங்கமும் இருக்கும், அதைத் தனியாக அள்ளி விற்பார்கள். சிதம்பரம் கவரிங் நகைக்கும் இதே ஏற்பாடுதான். வளையல் எதிர்மின்முனை, தங்க உப்பு கரைந்த குளியல் மின்பகுளி.

எவ்வளவு வரும் என்று கணக்கிடச் சொல்லிக்கொடுத்தவர் ஃபாரடே. புத்தகம் கட்டும் கடையில் பயிற்சி பெற்று, 1813-இல் டேவியிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். 1830-களின் தொடக்கத்தில் அவர் கண்டது எளிமையானது. வெளியாகும் பொருளின் அளவு, பாய்ந்த மின்னூட்டத்துக்கு நேர்விகிதம். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலூம் (மின்னூட்டத்தின் அலகு), பள்ளிக் கணக்கில் 96,500.

பியூரிஃபையர் டம்ளரில் இதைப் போட்டுப் பார்ப்போம். அரை ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நிமிடம் ஓடியது என்று வைத்துக்கொண்டால் 30 கூலூம். ஓர் இரும்பு அணு கரைய இரண்டு எலக்ட்ரான் போக வேண்டும், ஆக 96,500 கூலூமுக்கு சுமார் 28 கிராம் இரும்பு. 30 கூலூமுக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்க அருவருப்பாக்க அது தாராளமாகப் போதும்.

அதே கணக்கை அலுமினியத்துக்குப் போட்டால் கரண்ட் பில் மிரட்டும். ஓர் அணுவுக்கு மூன்று எலக்ட்ரான். அணுவும் எடை குறைந்தது, எனவே 96,500 கூலூம் கொடுத்தால் கிடைப்பது வெறும் 9 கிராம். தண்ணீரில் கரைத்துச் செய்யவும் முடியாது, தண்ணீர் முந்திக்கொள்ளும். அலுமினியம் ஆக்சைடை உருக்கலாம் என்றால் 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூவும், ஒருவரை ஒருவர் அறியாமல், உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அந்த ஆக்சைடைக் கரைத்து, ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்திலேயே காரியத்தை முடித்தார்கள். இருவரும் 1863-இல் பிறந்து 1914-இல் இறந்தவர்கள் என்பது பாடத்துக்குத் தேவையில்லாத, ஆனால் மறக்க முடியாத தகவல். இன்றைக்கும் ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 13 முதல் 15 யூனிட் மின்சாரம் ஆகிறது. ஏற்காடு, கொல்லிமலையில் கிடைத்த பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வைத்து மேட்டூரில் நடந்துவந்த அலுமினிய உருக்காலையை இப்போது பார்க்க முடியாது, மூடிவிட்டார்கள். பழைய அலுமினியப் பாத்திரத்துக்குக் காயலான் கடையில் நல்ல விலை கிடைப்பதும் இந்தக் கணக்கால்தான். அதை மறுபடி உருக்க, புதிதாகப் பிரித்தெடுக்கும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும்.

உப்புக் கரைசலில் கிடைக்கும் மூன்று பொருளுக்கும் சந்தை உண்டு. குளோரின் பி.வி.சி. பைப்புக்கும் குடிநீர்த் தொட்டிக்கும், சோடியம் ஹைட்ராக்சைடு சோப்புக்கும் காகிதத்துக்கும், ஹைட்ரஜன் எரிபொருளாகவும் வேறு வேலைகளுக்கும் போகிறது. உப்பளங்களுக்குப் பக்கத்தில் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலை இருப்பது தற்செயல் இல்லை. ஆலையில் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கும். சோடியம் அயனியை விடும், குளோரைடை விடாது. அந்தச் சவ்வு இல்லாத நம் டம்ளரில் குளோரினும் காரமும் கலந்து பிளீச் கரைசல்தான் மிஞ்சும்.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயங்கள். பென்சிலுக்குப் பதில் எவர்சில்வர் ஸ்பூனை நேர்மின்முனையாக வைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தேன், வேண்டாம். அதிலுள்ள குரோமியமும் நிக்கலும் கரைந்து வரும், குரோமியத்தின் சில சேர்மங்கள் கடும் நஞ்சு. பேட்டரிக்குப் பதில் சுவர் பிளக்கை யோசிக்கவே கூடாது. உயிர் போகும். அதோடு ஏசி மின்னோட்டத்தில் முனைகள் நொடிக்கு ஐம்பது சுற்று இடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு கணம் உருவானதை அடுத்த கணம் பெரும்பாலும் அழித்துவிடும். தப்பித்து வரும் வாயு, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வெடிக்கும் கலவையாக இருக்கும். மயில்துத்தக் கரைசல் மீன்களுக்கு ஆகாது, அதனால் மிச்சத்தைக் கால்வாயிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் ஒரு பாட்டிலில் மூடி, பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும்.